அக்காகிட்ட கேளுங்க: பூக்காரங்க ஜெயிச்ச நாடகம்

போன இதழ்ல ஒரு வாசகி, "மார்கழி வந்தா மல்லி முழம் இந்த வெலை விக்குதே, இதுல பூக்காரம்மாவுக்கு என்னதான் நிக்கும்"னு கேட்டிருந்தாங்க. பதில் சொல்ற சாக்குல, "சிலி நாட்டுல பூக்காரங்க மேயரையே எதிர்த்து ஜெயிக்கிற மாதிரி ஒரு பாட்டு நாடகம் இருக்கு, எழுதினது இசிடோரா அகிர்ரேன்னு ஒரு அம்மா, எழுத்தாளர், வாத்தியார், நாடகக்காரி"ன்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு நகர்ந்துட்டேன். அதுக்குத்தான் இந்த வாரம் வந்த தபால்ல பாதி. அதனால இட்லி மாவு ஏன் புளிக்கல, மாமியார் ஏன் பேசல கேள்விக்கெல்லாம் ஒரு வாரம் லீவு. கோச்சிக்காதீங்க.

மயிலாப்பூர் வாசகி: அக்கா, அந்த சிலி நாடகக் கதையை முழுசா சொல்லுங்க. அது நெஜமா நடந்துதா, இல்ல சும்மா கற்பனையா?

ரெண்டும்தான், அதுலதான் விஷயமே இருக்கு. நாடகம் பேரு 'லா பெர்கோலா தெ லாஸ் ஃப்ளோரெஸ்', நம்ம பாஷைல பூப்பந்தல்னு வச்சிக்கலாம். 1960 ஏப்ரல் 9ஆம் தேதி சான்டியாகோல மொத ஷோ, கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தோட நாடகக் குழு போட்டாங்க. மியூசிக் ஃப்ரான்சிஸ்கோ ஃப்ளோரெஸ் தெல் காம்போன்னு ஒருத்தர், அந்தாளு பேருக்கே வயக்காட்டுப் பூன்னுதான் அர்த்தம், பொருத்தம் பாத்து புடிச்சாங்களோ என்னவோ.

கதை 1929ல நடக்குது. சான்டியாகோ நடு ஊர்ல அலமேதான்னு பெரிய ரோடு, நம்ம மவுன்ட் ரோடு மாதிரி, அதுல சான் ஃப்ரான்சிஸ்கோ சர்ச், அந்த ஊர்லயே ரொம்பப் பழசு. சர்ச்சை ஒட்டி வரிசையா பூக்கடைங்க. பூசைக்கும் அங்கதான் பூ, சாவுக்கும் அங்கதான் பூ. ரோட்டை அகலப்படுத்தணும், கடையெல்லாம் தூக்குங்கன்னு பணக்காரங்க மேயரை நெருக்கறாங்க, மேயரு பாவம் ரெண்டு பக்கமும் தலையாட்டற டைப்பு. இதுக்கு நடுவுல சான் ரொசெண்டோங்கற ஊர்லேர்ந்து கார்மேலான்னு ஒரு பொண்ணு, பூ விக்கிற அத்தை வீட்டுக்கு ரெயிலேறி வர்றா. பட்டணத்தைப் பார்த்து வாயைப் பொளக்கறா, ஒரு பணக்காரப் பையன் அவகிட்ட வழியறான், பூக்கடையில இருக்கிற தோமாசீத்தோவுக்கும் அவ மேல ஆசை. பூக்காரங்க தெரண்டு போயி மேயர்கிட்ட வாதாடி கடைசியில பந்தலைக் காப்பாத்திடறாங்க. பாட்டு, கூத்து, சிரிப்பு, முடிஞ்சுது.

இப்ப நெஜத்துக்கு வருவோம். அந்தப் பந்தலை 1940கள்லயே எடுத்தாச்சு! பூக்காரங்க மபோச்சோ ஆத்தங்கரைப் பக்கம் போயிட்டாங்க, அவங்க கடைங்க இன்னிக்கும் அங்கதான் இருக்கு. அப்போ 1960ல தியேட்டர்ல உக்காந்து கைத்தட்டினவங்களுக்கு, மேடையில ஜெயிக்கிற ஆளுங்க வெளியில தோத்துட்டாங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் சிரிச்சிருக்காங்க. நானும் மொதல்ல இதை ஒரு ஜாலி நாடகம்னுதான் நெனச்சேன், இந்த ஒரு தகவல் தெரிஞ்சப்புறம் அப்படி நெனைக்க முடியல.

நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுது. பாரிமுனை பக்கம் பூக்கடைங்கறது ஏரியா பேராவே ஆயிடுச்சு, போலீஸ் ஸ்டேஷனுக்கே அந்தப் பேருதான், ஆனா 1996ல கோயம்பேடு மார்க்கெட் வந்ததுலேர்ந்து மொத்த வியாபாரத்துக்கு ஊரே அங்கதான் போவுது. எங்க தெருமுனையில ஒரு பூக்காரம்மா இருக்காங்க, ரோட்டு வேலைன்னு சொல்லி அவங்க கூடையை நாலு மாசத்துல மூணு தடவை எடம் மாத்த வச்சாங்க. அவங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். நார் கிழிச்சிட்டே கேட்டாங்க, கட்டறதை ஒரு நிமிஷங்கூட நிறுத்தல. மேயரு ஒத்துக்கிட்டாருன்னு சொன்னதும் நிமிர்ந்து, "எழுதிக் குடுத்தாராம்மா?"ன்னாங்க. நான் முழிச்சேன்.

அம்பத்தூர் டீச்சர்: மேடம், நான் ஸ்கூல்ல ஆனுவல் டே நாடகம் எழுதிப் போடறவ. வீடு, கிளாஸ், பேப்பர் திருத்தறதுன்னு ஓடுது. அந்தம்மா எழுத்து, வாத்தியார் வேலை, நாடகம்னு மூணையும் எப்படி சமாளிச்சாங்க? எந்த வயசுல ஆரம்பிச்சாங்க?

டீச்சர், நாடகத்தைக் கேட்டா லேட்டுதான், உங்களுக்கு தெம்பா இருக்கட்டும்னு சொல்றேன். 1919ல சான்டியாகோல பொறந்தவங்க. அம்மா மரியா துப்பெர் ஓவியர், அதனால வீட்ல கலைஞர்ங்க வர்றதும் போறதுமா இருக்கும். இவங்க பியானோ கத்துக்கிட்டாங்க, டான்ஸ் கத்துக்கிட்டாங்க, படம் வரைவாங்க, சமூக சேவைப் படிப்பு வேற படிச்சாங்க. புள்ளைங்களுக்கான கதைப் புஸ்தகம் 1938லயே வந்துடுச்சு. ஆனா மேடையில பேரு வாங்கினது 1955ல, 'கரோலினா'ன்னு ஒரு சின்ன ஓரங்க நாடகம், அப்போ வயசு முப்பத்தஞ்சைத் தாண்டியாச்சு.

கரோலினா என்ன கதைன்னு கேளுங்க, உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும். ரெயில்வே ஸ்டேஷன். புருஷன் பொண்டாட்டி ரெயிலுக்கு நிக்கறாங்க. அந்தம்மாவுக்கு மனசே சரியில்ல, ஏன்னா வீட்ல அடுப்புல பாத்திரம் வச்சிட்டு வந்துட்டோமேன்னு. அவ்ளோதான் முடிச்சு, அதை வச்சே ஒரு நாடகம்! எக்மோர்ல லக்கேஜை இழுத்துட்டு ஓடறப்போ "கேஸ் ஆஃப் பண்ணமா"ன்னு வயித்தைக் கலக்குமே, அதேதான், அங்க கேஸுக்கு பதிலா அடுப்பு. புருஷங்காரன் கண்ணுக்கு தெரியாத ஒரு பாரத்தை இவ தலையில தூக்கிட்டு ரெயிலேறணும். சிரிக்க வைக்கிற நாடகம்தான், ஆனா சமையக்கட்டுல நின்னு பழகாத ஆளுக்கு இது தோணியே இருக்காது.

அப்புறம் சிலி பல்கலைக்கழகத்துல வாத்தியார், சிலி நாடக வரலாறும் நாடகத்தை எப்படி கட்டறதுங்கறதும் சொல்லிக் குடுத்தாங்க, வெளி நாடுகளுக்குப் போயி பட்டறையும் நடத்தினாங்க. 1970ல அயெந்தேங்கற இடதுசாரித் தலைவர் ஜனாதிபதித் தேர்தல்ல நின்ன சமயம் அமெச்சூர் பசங்களைச் சேத்துக்கிட்டு, பெரிய பெரிய பொம்மைத் தலை மாட்டிக்கிட்டு சந்தையில, தெருவுல எல்லாம் நாடகம் போட்டாங்க. அவங்களை எல்லாரும் கூப்பிட்டது 'நேனே'ன்னு, பாப்பான்னு நாம கூப்பிடற மாதிரி, தொண்ணூறு வயசு வரைக்கும் அதே பேருதான்.

மூணும் ஒரே ஆள் செய்யணும்னா சிலி வரைக்கும் போகவேணாம், நம்ம ஊர்லயே அ. மங்கை இருக்காங்க, ஸ்டெல்லா மாரிஸ் காலேஜ்ல இங்கிலீஷ் பாடம் எடுத்துக்கிட்டே நாடகம் போட்டவங்க, நாடகம் பத்தி எழுதறவங்க. இன்குலாப் எழுதின 'அவ்வை'யை மேடையேத்தினது அவங்கதான். நீங்க பேப்பர் திருத்தறப்போ ஓரத்துல வசனம் கிறுக்குவீங்க இல்ல, நிறுத்தாதீங்க.

பேர் வேணாம், வியாசர்பாடி: ஓவியர் வீட்டுப் பொண்ணு, பியானோ, டான்ஸ்னு நீங்களே எழுதப் போறீங்க, கூகுள்ல பாத்துட்டேன். அப்படிப்பட்டவங்களுக்கு ஏழைங்க கஷ்டம் என்ன தெரியும்? பூக்காரியை வச்சி பாட்டு கட்டினா போதுமா?

நல்லா கேட்டீங்க, முன்னாடியே கேப்பீங்கன்னு எதிர்பாத்தேன். போதாது. அவங்களுக்கே போதலன்னுதான் நெனைக்கறேன், ஏன்னா பெர்கோலா அவ்ளோ ஓடினதுக்கப்புறம் அதே மாதிரி இன்னும் நாலு பாட்டு நாடகம் எழுதி சம்பாதிச்சிருக்கலாம், ஆனா அடுத்ததா 1963ல வந்தது என்ன தெரியுமா, 'லோஸ் பாபெலேரோஸ்', குப்பை மேட்டுல பேப்பர் பொறுக்கறவங்க கதை. வீட்ல உக்காந்து எழுதல. சான்டியாகோ குப்பை மேட்டுக்கு நேர்ல போயி, அவங்களோட பேசி, அவங்க பேச்சைக் குறிச்சிக்கிட்டு வந்து எழுதினது. நடிகருங்க நடுநடுவுல கதையை நிறுத்திட்டு ஜனங்களைப் பார்த்து நேரா பாடுவாங்க, ஜெர்மன் நாடகக்காரர் ப்ரெக்ட் வழி அது. அதுக்கு முன்னாடியே 1959ல மனுவேல் ரோஹாஸ்ங்கற எழுத்தாளரோட சேந்து குடிசைப் பகுதியைப் பத்தி ஒரு நாடகம் எழுதியிருக்காங்க, பேரு 'பொப்லாசியோன் எஸ்பெரான்சா', அதாவது நம்பிக்கை நகர். நமக்கு கண்ணகி நகர்னு பேரு வக்கிற மாதிரி. பேருல எல்லாம் கொறை வக்கமாட்டாங்க.

1969ல இன்னொன்னு. 1934ல சிலி தெக்கால ராங்கில்ங்கற மலைப்பக்கத்துல, நெலத்தை விட்டு வெரட்டின குடியானவங்க எதிர்த்து நின்னாங்க, போலீசை விட்டு அடக்கிக் கொன்னாங்க. அதுல தப்பிச்சு மிஞ்சின ஒரு பொம்பளை, வயசானப்புறம் பழசை நெனச்சுப் பாக்கற மாதிரி நாடகம். தலைப்பு 'லோஸ் கே வான் கெதாந்தோ என் எல் கமீனோ', வழியிலேயே நின்னு போனவங்க. சே குவேரா சொன்ன ஒரு வரியிலேர்ந்து எடுத்தது. இதுக்கும் தப்பிச்சவங்களைத் தேடிப்போயி பேசிட்டுத்தான் எழுதினாங்க.

1982ல 'லௌதாரோ'. ஸ்பெயின்காரங்களை எதிர்த்து சண்டை போட்ட, மபுச்சேங்கற சிலிப் பழங்குடி ஜனங்களோட தலைவன் கதை. அப்போ பட்டாளத்துத் தளபதி பினோசெயோட சர்வாதிகார ஆட்சி, மபுச்சே ஜனங்களோட பொது நெலத்தைத் துண்டு துண்டா பிரிக்க 1979லதான் சட்டம் போட்டிருந்தாங்க, அந்த நேரத்துல நானூறு வருஷத்துக்கு முந்தின ராஜா கதை சொல்ற மாதிரி சொன்னா யாருக்கு புரியணுமோ அவங்களுக்குப் புரிஞ்சிடும்.

இதனால எல்லாம் உங்க கேள்வி தீந்துடுச்சுன்னு நான் சொல்லமாட்டேன். பேப்பர் பொறுக்கறவங்க வாயில வர்ற பாட்டுல எவ்ளோ அவங்க குரல், எவ்ளோ அந்தம்மா குரல்னு கேட்டுக்கிட்டேதான் படிக்கணும். கொடுங்கையூர் குப்பை மேடு உங்களுக்கு பக்கம்தானே, என்னைவிட உங்களுக்கு சீக்கிரம் புடிபடும்.

கே.கே. நகர் வாசகர்: சிலின்னா நெருடா, கப்ரியேலா மிஸ்ட்ரல்தான் தெரியும். உங்க அகிர்ரேவுக்கு நோபல் மாதிரி ஏதாச்சும் கெடைச்சுதா?

இல்ல சார். சொந்த நாட்டு தேசிய விருதே கெடைக்கல, 2011 பிப்ரவரில செத்துப்போற வரைக்கும். 1987ல க்யூபாவோட காசா தெ லாஸ் அமெரிகாஸ்ங்கற இலக்கியப் பரிசு வந்துது, எதுக்குன்னு அடுத்த பதில்ல சொல்றேன். மிஸ்ட்ரலை சொல்றீங்களே, அவங்களும் கிராமத்து ஸ்கூல்லேர்ந்து வந்த டீச்சர்தான், அவங்களுக்கு 1945ல நோபல், ஆனா சிலிக்காரங்க தேசிய இலக்கிய விருது குடுத்தது 1951ல. உலகமே மாலை போட்டு ஆறு வருஷம் கழிச்சு! உள்ளூர்ல இருக்கற பொம்பளைக்கு மாலை போட நம்ம ஆளுங்க மட்டும்தான் யோசிப்பாங்கன்னு நெனச்சிருந்தேன்.

பெரம்பூர், ரெயில்வேல ரிட்டயர் ஆனவர்: அம்மா, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு யூட்யூப்ல அந்த நாடகப் பாட்டைப் போட்டுப் பாத்தேன். பாஷை புரியல, 'சான் ரொசெண்டோ, சான் ரொசெண்டோ'ன்னு மட்டும் காதுல விழுந்துது. மேப்ல தேடினா ஜங்ஷன் மாதிரி தெரியுது. அது என்ன ஊரு?

ஐயா, உங்க கண்ணுக்கு தண்டவாளம்தான் தெரியும் போல! ஜங்ஷனேதான். "நான் சான் ரொசெண்டோலேர்ந்து பட்டணத்துக்கு பொழைக்க வந்திருக்கேன்"னு கார்மேலா பாடற பாட்டு அது, சிலில சின்னப் பசங்க வரைக்கும் தெரியும். தெக்க போற மெயின் லைன்ல இருந்து கன்சப்சியோன்ங்கற பெரிய ஊர் பக்கம் பிரியற எடம். நீராவி எஞ்சின் காலத்துல பெரிய ஷெட்டு, எஞ்சினுக்கு கரி போடற டவர் எல்லாம் இருந்துது, இப்போ அதெல்லாம் இடிஞ்சு கெடக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் லாஹான்னு ஊரு, அங்க பேப்பர் மில்லு. இந்த ஊர்ல ரெயில்வே வேலை, அந்த ஊர்ல மில்லு வேலை, ரெண்டு ஊர்லயும் யூனியன் பலம்.

இப்ப சொல்லப் போறதுக்குத்தான் நான் இந்த வாரம் பூராவும் அந்தம்மாவுக்கு எடம் ஒதுக்கினேன்.

1973 செப்டம்பர் 11ஆம் தேதி பினோசெயோட பட்டாளம் அயெந்தேயைக் கவுத்துட்டு ஆட்சியைப் புடிச்சுது. அடுத்த ரெண்டு மூணு நாள்ல லாஹாலயும் சான் ரொசெண்டோலயும் ஆளுங்களைப் புடிச்சிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. மில்லுத் தொழிலாளி, ரெயில்வேக்காரங்க, வாத்தியாருங்க, படிக்கிற பசங்கன்னு 19 பேரு. செப்டம்பர் 18 சிலியோட சுதந்திரத் திருநாள். அன்னிக்கு விடியறதுக்குள்ள அந்த 19 பேரையும் சுட்டுட்டாங்க. வீட்டுக்கு யாரும் சொல்லல. அம்மா, பொண்டாட்டி, தங்கச்சின்னு பொம்பளைங்கதான் ஒவ்வொரு ஜெயிலா, ஒவ்வொரு கேம்ப்பா தேடிப் போனாங்க. அங்க அனுப்பிட்டோம், இங்க அனுப்பிட்டோம்னு பதில். இப்படியே ஆறு வருஷம். 1979 அக்டோபர்ல யும்பெல்ங்கற பக்கத்து ஊர் கல்லறைத் தோட்டத்துல அந்த எலும்புங்க கெடைச்சுது. சுட்ட எடத்துல பொதச்சு, அப்புறம் ராத்திரியோட ராத்திரியா தோண்டி எடுத்து இங்க ரகசியமா பொதச்சிருக்காங்க.

யும்பெல் சாதாரண ஊர் இல்ல. சான் செபாஸ்தியான் கோயில் இருக்கு, அம்பு பாஞ்ச செபஸ்தியார், நம்ம ஊர் சர்ச்லயும் பாத்திருப்பீங்க. ஜனவரி 20 திருவிழாவுக்கு சுத்துப்பட்டு ஜனமெல்லாம் நடந்து வரும், முழங்கால்ல நகந்து வர்றவங்களும் உண்டு, வேளாங்கண்ணி மாதிரிதான். கன்சப்சியோன்ல எல் ரோஸ்த்ரோங்கற நாடகக் குழு அகிர்ரேகிட்ட இந்தக் கொலைங்களைப் பத்தி நாடகம் வேணும்னு கேட்டாங்க. 'ரெதாப்லோ தெ யும்பெல்' அப்படி வந்தது, 1986ல கன்சப்சியோன்ல போட்டாங்க, பினோசெ அப்பவும் நாக்காலியிலதான் இருந்தான். எப்படி எழுதியிருக்காங்கன்னா, யும்பெல்ல ஒரு குழு செபஸ்தியார் நாடகம் போடுது. ரோம் ராஜா அவரைக் கொல்ல ஆணை போடறான். அந்தக் கதைக்கு நடுவுலயே புள்ளைங்களைத் தேடற அம்மாக்களும் வர்றாங்க. சாமி கதையை எப்படிங்க தடை பண்றது? பண்ணினா செபஸ்தியாரைக் கொன்ன ராஜா யாருன்னு அவனே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. அந்த க்யூபா பரிசு இந்த நாடகத்துக்குத்தான்.

யோசிச்சுப் பாருங்க ஐயா. 1960ல ஒரு பொண்ணு துள்ளிக்கிட்டு ரெயிலேறி வர, இந்தம்மா புடிச்ச ஊரு சான் ரொசெண்டோ. அப்போ அது பட்டிக்காட்டுக்கு ஒரு பேரு, பாட்டுல வக்க வசதியான பேரு, அவ்ளோதான். கார்மேலா அத்தைகிட்ட சாவுக்குப் பூ வாங்க வராத நாளு இருக்காது. பதிமூணு வருஷம் கழிச்சு அதே ஊர்க்காரங்க செத்தாங்க, ஆறு வருஷத்துக்கு ஒரு பூ கொண்டு போயி வைக்க எடம் தெரியல. கார்மேலா கூட வெளையாடின பசங்கன்னு கணக்குப் போட்டா சரியா வராது, நாடகத்துல அவ 1929 பொண்ணு. அவ தம்பி புள்ளைங்கன்னு வச்சிக்கிட்டா வயசு ஒத்து வருது. நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்த அன்னிக்கு ராத்திரி அந்த ஜாலிப் பாட்டை மறுபடியும் கேட்டேன், பாதியில நிறுத்திட்டேன்.

சிலில இன்னிக்கும் பெர்கோலாவைத்தான் திரும்பத் திரும்பப் போடறாங்க, அந்தம்மா பேரைச் சொன்னாலே அதைத்தான் சொல்வாங்க. எனக்கென்னவோ ரெண்டையும் அடுத்தடுத்த நாள் ஒரே மேடையில போடணும்.

அண்ணா நகர் வாசகர்: நம்ம ஊர்ல எழுத ஆயிரம் இருக்க, ஒரு வாரம் பூரா சிலி எதுக்கு?

அடுத்த வாரம் இட்லி மாவு சார், கவலைப்படாதீங்க.

நந்தனத்துலேர்ந்து காலேஜ் மாணவர்: அக்கா, பெர்கோலாவை தமிழ்ல மாத்தி காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல போடலாம்னு இருக்கோம். கார்மேலாவை எந்த ஊர்லேர்ந்து கொண்டு வரலாம்? டிப்ஸ் குடுங்க.

மொதல்ல உரிமை யார்கிட்ட இருக்குன்னு கேட்டு எழுதிப் போடுங்க, காலேஜ்தானே யார் கேக்கப் போறாங்கன்னு இருக்காதீங்க. ஊருக்கு என்னைக் கேட்டா ஜோலார்பேட்டை. ஜங்ஷன், மலைக்காத்து, பட்டணத்துக்கு மூணு மணி நேரம், பொண்ணு கையில ஏலகிரி பலாப்பழம் ஒண்ணு குடுத்து அனுப்பினீங்கன்னா சென்ட்ரல்ல அவ எறங்கறப்பவே சபை சிரிச்சிடும். திண்டுக்கல்னு வைக்காதீங்க, பூ வெளையற ஊர்க்காரிக்கு பூக்கடையில வாயைப் பொளக்க ஒண்ணும் இருக்காது.

வசனம் எழுத லேப்டாப்பைத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் விடியக்காலை கோயம்பேடு போயிட்டு வாங்க, அந்தம்மா குப்பை மேட்டுக்கு போனாங்களே அந்த மாதிரி. மூட்டை எறங்கறப்போ வெலை கத்தறது, உதிரியை கையில அள்ளிப் பாத்து மொக்கு எவ்ளோ மலர்ந்தது எவ்ளோன்னு ஒரே பார்வையில சொல்றது, தண்ணி தெளிக்கிறது எதுக்கு, ஈரத்துணி எதுக்கு, எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கோங்க. அப்புறம் தெருமுனை அம்மாகிட்ட நின்னு அவங்க முழம் போடறப்போ கை எங்க மடங்குதுன்னு பாருங்க. தெரிஞ்ச வீட்டுக்கு வெரல் நுனியையும் தாண்டி நாலு பூ விட்டு கிள்ளுவாங்க, பேரம் பேசறவங்களுக்கு வெரல் நுனிக்கு முன்னாடியே நார் அறுந்துடும். உங்க ஹீரோயினுக்கு அந்தக் கை வரணும், அதுக்கு பத்து நாளாவது பூ கட்டிப் பழகணும்.

மேயர் சீன்ல ஒண்ணே ஒண்ணு சேத்துக்கோங்க, அதுக்கு உரிமைக்காரங்க ஒத்துக்கிட்டா. எல்லாரும் கைத்தட்டறப்போ ஓரமா ஒரு பூக்காரம்மா நார் கிழிச்சிக்கிட்டே, "எழுதிக் குடுத்தாராம்மா?"ன்னு கேக்கட்டும்.